ஒரு தலையா, இரு தலையா: ஆய்வகத்தில் செய்த மனித இதய மயோசின்

கனடாவின் க்யூபெக் மாகாணத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டிக் கோட்டிகூக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வேர்கொண்ட ஒரு பிரெஞ்சு கனடியக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளம் வயதினர் திடீர் திடீரென்று இறந்துகொண்டிருந்தார்கள். மான்ட்ரியல் மருத்துவர் பீட்டர் பாரேயும் அவருடைய சகாக்களும் அந்தக் குடும்பத்தின் கிளைகளைத் தேடித்தேடிப் பரிசோதித்து 1961இல் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். இதயத்தின் கீழறைச் சுவர் அளவுமீறித் தடித்திருந்தது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது வந்தது. 28 ஆண்டுகள் கழித்து, ஹார்வர்டில் கிறிஸ்டின் சைட்மன், ஜொனாதன் சைட்மன் இருவரின் குழு இதே குடும்பத்தின் வழித்தோன்றல்களை ஆராய்ந்து, நோயின் இருப்பிடம் 14ஆவது குரோமோசோம் என்று கண்டது. மறு ஆண்டே, 1990இல், காரணமும் பிடிபட்டது. இதயத் தசையைச் சுருங்கவைக்கும் பீட்டா மயோசின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் 403ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில் குளுட்டமின் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுருக்கமாக ஆர்403க்யூ என்பார்கள்.

ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்ற இந்த இதயத்தசைத் தடிப்பு நோய்க்கு மூலக்கூறு அளவில் காரணம் தெரிந்தது அதுவே முதல்முறை. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படும் நோய் இது. மைதானத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழும் இளைஞர்களின் செய்தியை நாம் படிக்கிறோமே, அவற்றில் சிலவற்றின் பின்னால் இருப்பது இதுதான். ஆக, 1990லேயே மர்மம் விலகியிருக்க வேண்டும். ஆனால் மிகச் சாதாரணமான ஒரு கேள்வி அப்படியே நின்றது: பிறழ்ந்த மயோசின் வலுவாக இழுக்கிறதா, வலுவிழந்து இழுக்கிறதா?

இந்தக் கேள்விக்கு நம்பத்தக்க விடை வரக் கால் நூற்றாண்டு பிடித்தது. வந்த விடையும் பாதி விடையாகவே இருந்தது. மீதிப் பாதிக்குக் காத்திருக்க நேர்ந்ததற்குக் காரணம் கருவிகளின் குறையோ உழைப்பின் குறையோ இல்லை. ஆய்வகத்தில் மயோசினைச் செய்தபோது அதை எந்த இடத்தில் வெட்டிச் செய்தார்கள் என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். புரதத்தைத் துண்டாக்கி ஆராய்வது இன்றைய உயிரியலின் அன்றாட வேலை. துண்டு எவ்வளவு நீளம் என்பது ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வரியாக வந்து போகும். அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கக்கூடும் என்பதற்கு இதய மயோசினைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். மயோசின் மூலக்கூறு ஒன்றில் ஆறு சங்கிலிகள் இருக்கின்றன. இரண்டு கனச் சங்கிலிகள்; ஒவ்வொன்றும் 1,935 அமினோ அமிலங்கள் கொண்டது. நான்கு மென் சங்கிலிகள். கனச் சங்கிலியின் முன்பகுதி உருண்டு தலையாகிறது. பின்பகுதி நீண்டு, தன் ஜோடியோடு முறுக்கிக்கொண்டு வாலாகிறது. எனவே இரு தலை, ஒரு வால். நூற்றுக்கணக்கான வால்கள் ஒன்றாகக் கட்டுண்டு தடித்த இழையாகின்றன. தலைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஓடும் மெல்லிய இழையில் ஆக்டின் என்ற புரதம் இருக்கிறது. தலையானது செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ஆக்டினைப் பற்றும், சில நானோமீட்டர் தூரம் இழுக்கும், விடும். ஓர் இழுப்பின் விசை ஓரிரு பிக்கோநியூட்டன் மட்டுமே. இப்படிக் கோடானுகோடி இழுப்புகள் சேர்ந்ததுதான் நம் நாடித்துடிப்பு.

பிறழ்வு வலுவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று கண்டுபிடிக்க நோயாளியின் இதயத் தசை வேண்டும். உயிரோடு இருப்பவரின் இதயத்திலிருந்து ஆய்வுக்காகத் தசை கிள்ளுவது எளிதான காரியமில்லை. 1993இல் ஒரு குழு புத்திசாலித்தனமான குறுக்குவழி ஒன்றைக் கண்டது. பீட்டா மயோசின் இதயத்தில் மட்டுமா இருக்கிறது? கெண்டைக்காலின் உள்ளே சோலியஸ் என்ற தசையிலும் அதே மயோசின்தான். நோயாளிகளின் காலிலிருந்து துளித் தசை எடுத்து, அதிலிருந்து மயோசினைப் பிரித்து அளந்தார்கள். பிறழ்ந்த மயோசின் ஆக்டினை மெதுவாக நகர்த்தியது. 2000இல் இன்னொரு குழு நோயாளிகளின் இதயத் திசுவையே எடுத்து அளந்தது. அங்கே ஆக்டின் வேகமாக நகர்ந்தது. இரண்டுமே கவனமாகச் செய்த வேலைகள். ஆனாலும் நோயாளியின் திசுவில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. அவருக்கு இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றுதான் பழுது, ஆகவே நல்ல மயோசினும் பிறழ்ந்த மயோசினும் கலந்தே வரும். பல ஆண்டுகள் நோயோடு போராடிய தசையில் வேறு வேதி மாற்றங்களும் ஏறியிருக்கும். எது பிறழ்வின் வேலை, எது நோயின் வேலை என்று பிரிக்க முடியாது.

அடுத்த வழி, சுண்டெலி. 1996இல் ஆர்403க்யூ பிறழ்வை ஏந்திய எலிகளை சைட்மன் குழு உருவாக்கியது. அவற்றின் மயோசினை அளந்தபோது வேகமும் விசையும் கூடியிருந்தன. விடை கிடைத்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கும் எலியின் இதயக் கீழறையில் இருப்பது ஆல்ஃபா மயோசின். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் மனித இதயக் கீழறையில் பெரும்பாலும் பீட்டா மயோசின். இரண்டின் அமினோ அமில வரிசையும் 93 சதவீதம் ஒன்றுதான். மீதி ஏழு சதவீதம் போதும், ஒன்று விரைவோட்டக்காரனாகவும் மற்றொன்று பொறுமைசாலியாகவும் ஆகிவிட. சூசன் லோவியின் குழு 2008இல் இதைச் சோதித்துக் காட்டியது: அதே பிறழ்வை ஆல்ஃபாவில் வைத்தால் வேகம் கூடுகிறது, பீட்டாவில் வைத்தால் அந்த விளைவு வரவில்லை. எலியை வைத்து எழுதப்பட்ட முடிவுகள் மனித நோயாளிக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள இனி இடமில்லை. மனித பீட்டா மயோசினே வேண்டும், கலப்பில்லாமல் வேண்டும், பிறழ்வு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கும் ஜோடியாக வேண்டும். மரபணு மறுசேர்க்கை முறையில் செய்துகொள்வதைத் தவிர வழியில்லை.

மறுசேர்க்கை முறையில் மனிதப் புரதம் செய்வது அப்போது பழைய வித்தை. 1978லேயே ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் மனித இன்சுலின் மரபணுவை வைத்துச் செய்துவிட்டார்கள். இதயத் தசையின் ட்ரோபோனின்களையும் பாக்டீரியாவில் செய்துகொள்ளலாம். மயோசினின் தலை மட்டும் மசியவில்லை. பாக்டீரியா அந்தச் சங்கிலியைக் கோத்துத் தரும். சரியாக மடித்துத் தராது. தசை செல்லுக்குள் யூஎன்சி-45 போன்ற துணைப் புரதங்கள் கூடவே இருந்து மயோசின் தலையை மடிக்கின்றன. அவை பாக்டீரியாவில் இல்லை. பூச்சி செல்களில் வேறு வகை மயோசின்கள் நன்றாக வந்தன. தசை மயோசினுக்கு அதுவும் கைகொடுக்கவில்லை. தசை மயோசினுக்குத் தசை செல்தான் வேண்டியிருந்தது.

அந்தச் செல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலிருந்து வந்தது. 1977இல் டேவிட் யாஃபேயும் ஓரா சாக்ஸெலும் அடிபட்ட சுண்டெலித் தொடைத் தசை ஒன்றிலிருந்து வளர்த்தெடுத்த செல் வரிசை, பிறகு கிளை பிரிந்து சி2சி12 என்ற பெயரில் உலகெங்கும் உள்ள தசை ஆய்வகங்களில் குடியேறியது. டொனால்ட் விங்கிள்மன் குழு 1999இல் இந்தச் செல்களின் மடிக்கும் இயந்திரத்தைக் கொண்டு தசை மயோசினைச் செய்ய முடியும் என்று காட்டியது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லெஸ்லி லைன்வாண்டும் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்புடிச்சும் அதை மனித இதய மயோசினுக்கு ஏற்றபடி வளர்த்தார்கள். மனித ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வந்தது.

இந்தச் செய்முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். தட்டில் வளரும் சி2சி12 செல்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியதும் அவற்றின் உணவை மாற்றுகிறார்கள். வளர்ச்சிக் காரணிகள் நிறைந்த சீரத்தைக் குறைத்து, கொஞ்சமாகக் குதிரைச் சீரம் கொடுத்தால், செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டு ஒன்றோடொன்று இணைந்து நீண்ட தசைக் குழல்களாகின்றன. அந்த நேரத்தில் மனித மயோசின் மரபணுவைச் சுமக்கும் அடினோவைரஸை அவற்றுக்குள் விடுகிறார்கள். சில நாள் கழித்துச் செல்களைச் சுரண்டி எடுத்து உடைத்தால் புரதம் உள்ளே இருக்கும். ஆனால் எலியின் சொந்த மயோசினும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே மனித மென் சங்கிலி ஒன்றின் முனையில் அடையாளவால் ஒன்றை முன்கூட்டியே ஒட்டிவைத்து, அதைப் பற்றும் பிசின் நிரப்பிய குழாயின் வழியே கரைசலை விடுகிறார்கள். அடையாளவால் உள்ளது தங்கும், மற்றது வடியும். அப்படியும் இன்னொரு மென் சங்கிலி எலியுடையதாகவே ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழற்றிவிட்டு, பாக்டீரியாவில் தனியாகச் செய்த மனிதச் சங்கிலியை மாட்ட வேண்டும். தட்டு தட்டாக வளர்த்தாலும் கடைசியில் கையில் மிஞ்சுவது மில்லிகிராம் கணக்குதான்.

அதிலும் எல்லாத் தலைகளும் ஆரோக்கியமாக இருப்பதில்லை. சில தலைகள் ஆக்டினைப் பற்றும், விடாது. இவற்றை ஆய்வகங்களில் செத்த தலைகள் என்றே சொல்கிறார்கள். ஒரு மூலக்கூறு விடாமல் பிடித்துக்கொண்டால் மற்ற நூறு மூலக்கூறுகளின் வேகமும் குறைந்து தெரியும். அளவு முழுவதும் பொய்யாகிவிடும். அதனால் சோதனைக்கு முன் ஆக்டினையும் ஏடிபியையும் சேர்த்து அதிவேகச் சுழலியில் வைக்கிறார்கள். நல்ல தலைகள் ஏடிபி வந்ததும் ஆக்டினை விட்டுவிட்டு மேலே மிதக்க, செத்த தலைகள் ஆக்டினோடு அடியில் படிந்துவிடும். மேலே உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். 1993க்கும் 2000க்கும் இடையிலான முரண்பாடுகளில் எத்தனை இப்படிப்பட்ட தலைகளால் வந்தவையோ என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இப்படிச் சுத்தம் செய்த மயோசினைக் கண்ணாடி வில்லையில் ஒட்டி, ஒளிரும் சாயம் ஏற்றிய ஆக்டின் இழைகளை மேலே விட்டு, ஏடிபி ஊற்றினால், நுண்ணோக்கியில் இழைகள் நெளிந்து ஊர்வதைப் பார்க்கலாம். ஸ்புடிச் 1980களில் வகுத்த முறை இது. ஒற்றை மூலக்கூறின் விசையை லேசர் ஒளிப்பொறியால் அளக்கும் முறையையும் 1994இல் அவர் குழுவே தந்தது. 2012இல் லாஸ்கர் விருது அவருக்கும் மைக்கேல் ஷீட்ஸுக்கும் ரொனால்ட் வேலுக்கும் சேர்த்துக் கிடைத்தது இந்த வழியில் திறந்த உயிரியலுக்காகத்தான்.

அளந்தார்கள். 2013இல் ஆர்453சி என்ற பிறழ்வின் முடிவு வந்தது: ஒற்றை மூலக்கூறின் விசை ஏறத்தாழ 50 சதவீதம் கூடியிருந்தது. நோயாளியின் இதயம் அளவுக்குமீறி வலுவாகச் சுருங்குகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததே; இதோ காரணம் என்று தோன்றியது. 2015இல் கோட்டிகூக் குடும்பத்தின் ஆர்403க்யூ முடிவு வந்தது. விசை ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. வேகம் 10 சதவீதம் அளவுக்குக் கூடுதல். மொத்தத்தில் மோட்டார் செயல்திறன் இழப்பு என்று அக்கட்டுரையின் தலைப்பே அறிவித்தது.

இரண்டு பிறழ்வுகள். ஒரே நோய். ஒன்றில் மூலக்கூறு வலுத்திருக்கிறது, மற்றொன்றில் மெலிந்திருக்கிறது. மனிதப் புரதம், கலப்பில்லாத புரதம், செத்த தலைகள் நீக்கிய புரதம், எல்லாம் இருந்தும் நோய்க்கும் அளவுக்கும் பொருத்தம் வரவில்லை.

இங்கேதான் வெட்டு வருகிறது. இந்த அளவுகளுக்கெல்லாம் பயன்பட்ட துண்டுக்கு எஸ்1 என்று பெயர். அது ஒரு தலை மட்டும்; ஜோடியும் இல்லை, வாலும் இல்லை. ஒரு மோட்டார் எப்படி இழுக்கிறது என்று பார்க்க ஒரு மோட்டார் போதும் என்பது அந்த வெட்டுக்கு நியாயம். வால் இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு இழையாகித் திரண்டுவிடும், அளக்க முடியாது. ஆகவே வெட்டு வசதியானதும்கூட. ஆனால் ஒரு தலையைத் தனியே வைத்து எத்தனை கேள்வி கேட்டாலும், இரு தலைகளும் வாலும் சேர்ந்து செய்யும் காரியத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அப்படி ஒரு காரியம் இருக்கிறது என்பதற்கான தடயம் இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கிடைத்திருந்தது. 2005இல் ராவுல் பட்ரோன், ரோஜர் கிரெய்க் குழுவினர் டரான்டுலா என்ற பெருஞ்சிலந்தியின் கால் தசையிலிருந்து தடித்த இழைகளை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஓய்வு நிலையில் மயோசினின் இரு தலைகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பின்புறமாக மடங்கி, தம் வாலின் மீதே படுத்திருந்தன. ஆக்டினை நோக்கி நீட்டவே இல்லை. 2010இல் ரோஜர் குக் குழு தசை நார்களில் ஏடிபி செலவை அளந்தபோது, மயோசின்களில் ஒரு பகுதி அதிமந்த நிலையில் இருப்பதைக் கண்டது: ஓர் ஏடிபியைச் செலவழிக்க நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் சோம்பல். மறு ஆண்டில் இதயத் தசையிலும் அதே நிலை கண்டறியப்பட்டது. மடங்கிப் படுத்த தலைகள்தான் இந்த மந்தத் தலைகள் என்ற ஊகம் பிறந்தது.

2015இல் ஸ்புடிச் இதை நோயோடு இணைத்தார். மயோசின் தலையின் ஒரு பக்கம் மேட்டுநிலம்போலத் தட்டையாக இருக்கிறது. நோய் தரும் பிறழ்வுகள் அந்தப் பரப்பிலும், தலைகள் ஒன்றோடொன்றும் வாலோடும் தொடும் இடங்களிலும் வந்து குவிந்திருப்பதை அவர் கவனித்தார். அப்படியானால் பிறழ்வு செய்யும் வேலை தலையின் வலுவை மாற்றுவது இல்லாமல், படுத்திருக்கும் தலையை எழுப்பிவிடுவதாக இருக்கலாம். தேர் வடம் பிடிக்கும் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொருவரின் தோள்வலுவும் கொஞ்சம் குறைந்தாலும், திண்ணையில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து வடத்தைப் பிடித்தால் தேர் கட்டுமீறி ஓடும். எஸ்1 துண்டை வைத்துக்கொண்டு நாம் தோள்வலுவை அளந்துகொண்டிருந்தோம். ஆள்கணக்கு எடுக்கவில்லை.

ஆள்கணக்கு எடுக்க வேறு துண்டு வேண்டும். மயோசின் வால் ஏழேழு அமினோ அமிலங்களின் அடுக்காக முறுக்கிச் செல்வது. இரண்டு அடுக்கு மட்டும் வால் உள்ள இருதலைத் துண்டு ஒன்று. அதில் தலைகள் படுக்க இடமில்லை. இருபத்தைந்து அடுக்கு, அதாவது 175 அமினோ அமில நீள வால் உள்ள இருதலைத் துண்டு மற்றொன்று. அதில் தலைகள் மடங்கிப் படுக்கலாம். வால் நீளம் ஒன்றைத் தவிர இரண்டிலும் வேறுபாடு கிடையாது. இரண்டையும் அதே சி2சி12 செல்களில் செய்தார்கள். இயல்பான மயோசினில், நீள வால் துண்டின் ஏடிபி வேகம் குட்டை வால் துண்டைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. தலைகள் படுத்துக்கொண்டன என்று பொருள். பிறகு பிறழ்வுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். 2017இலும் 2019இலும் வேறு சில பிறழ்வுகளுக்கும், 2020இல் ஆர்403க்யூவுக்கும் முடிவு வந்தது. ஆர்403க்யூ இருந்தால் நீள வாலுக்கும் குட்டை வாலுக்கும் இருந்த அந்த வேறுபாடு மறைந்துபோனது. தலைகள் படுக்கவில்லை. வேலைக்குக் கிடைக்கும் தலைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது.

1990இல் எழுந்த கேள்விக்கு இப்படித்தான் விடை வந்தது. ஒவ்வொரு தலையும் சற்றே மெலிந்திருக்கிறது. ஆனால் இழுக்கும் தலைகள் அதிகம். இதயம் வலுமீறிச் சுருங்குகிறது, சரியாகத் தளர மறுக்கிறது, ஓய்விலும் ஏடிபியைக் கரைக்கிறது. எஸ்1 துண்டில் எடுத்த அளவுகள் பொய்யில்லை. கேட்கத் தவறிய கேள்விக்கு எஸ்1 துண்டால் பதில் சொல்ல இயலவில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையே மருந்தும் வந்துவிட்டது. ஸ்புடிச், லைன்வாண்ட், கிறிஸ்டின் சைட்மன் ஆகியோர் நிறுவனர்களில் இருந்த மையோகார்டியா நிறுவனம், மயோசினின் ஏடிபி வேகத்தைக் குறைக்கும் சிறு மூலக்கூறுகளைத் தேடி மாவாகாம்டெனைக் கண்டது. எலிகளில் அது தடிப்பைத் தடுப்பதை 2016இல் வெளியிட்டார்கள். முதலில் அது தலையின் வேதிவினையில் ஒரு படியை மெதுவாக்குகிறது என்று மட்டுமே புரிந்திருந்தது. 2018இல் நீள வால் துண்டோடு சேர்த்துச் சோதித்தபோதுதான், அது தலைகளை மடங்கிப் படுக்கவைக்கிறது என்று தெரிந்தது. மருந்தின் செயல்முறையை அறியவும் அதே வெட்டுதான் தேவைப்பட்டது. 251 நோயாளிகளைக் கொண்ட எக்ஸ்ப்ளோரர் என்ற மருந்தாய்வில், முதன்மை இலக்கை எட்டியவர்கள் மருந்து பெற்றவர்களில் 37 சதவீதம், பெறாதவர்களில் 17 சதவீதம். 2022 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இரத்த வெளிப்பாதையில் அடைப்பு உள்ள நோயாளிகளுக்கு அதை அனுமதித்தது. இதயத்தின் வலுவை அளவுக்குமேல் குறைத்துவிடும் அபாயம் இருப்பதால் அடிக்கடி எக்கோ பரிசோதனை கட்டாயம். அடைப்பில்லாத வகை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2025இல் இலக்கை எட்டவில்லை. தலைகளை எண்ணுவது நோயின் எல்லா வடிவங்களுக்கும் விளக்கமாகிவிடாது என்பதை இந்தத் தோல்வி சொல்கிறது. கருதுகோளை முன்வைத்தவர்களே மருந்து நிறுவனத்தின் நிறுவனர்கள் என்பதையும் வாசகர் நினைவில் வைத்திருப்பது நல்லது. கட்டுரைகளில் அவர்கள் அதை மறைக்கவில்லை. பிற குழுக்களின் சரிபார்ப்பு இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சரிபார்ப்பும் விவாதமும் நடந்துகொண்டிருக்கின்றன. மடங்கிய வடிவமும் மந்தமான ஏடிபி செலவும் ஒன்றுதானா, அல்லது தலை மடங்காமலே மந்தமாக இருக்க முடியுமா என்ற கேள்வி தீரவில்லை. கரைசலில் உப்பின் அளவைக் கூட்டினால் துண்டின் மடிப்பு எளிதில் குலைந்துவிடுகிறது. இதயத்துக்குள் மயோசின் தனியாக மிதப்பதில்லை, இழையில் கட்டுண்டிருக்கிறது. அங்கே அதை நிலைநிறுத்தும் பிற புரதங்கள் இருக்கின்றன. 2023இல் இரண்டு குழுக்கள் இதயத் தசையின் தடித்த இழையை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தன. மனித இதயத்தின் இழைகளைப் படம்பிடித்த குழு, தலைகள் அசையாமல் படுத்திருக்க மாவாகாம்டெனையே பயன்படுத்தியது. மருந்தாக வந்தது ஆய்வுக்கருவியாகவும் உதவியது. அந்தப் படங்களில் மூன்று வகையாகப் படுத்திருக்கும் மயோசின்கள் தெரிந்தன. அவற்றோடு நீளமாக ஒட்டியிருந்தது இன்னொரு புரதம்: மயோசின் பிணைப்புப் புரதம் சி.

தென்னாசியர்களான நமக்கு இந்தக் கதை நெருங்கி வருவது இந்தப் புரதத்தின் வழியாகத்தான். இதயத்தசைத் தடிப்பு நோய்க்குக் காரணமாகும் மரபணுக்களில் முதல் இரண்டு இடங்கள் பீட்டா மயோசினுக்கும் இதற்கும் உரியவை. 2003இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இந்தப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். மதுரையில் ஆய்வு செய்த தண்டபாணி, ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட பெரிய குழு ஒன்று அதைத் துணைக்கண்டம் முழுவதும் தேடியது. 107 இனக்குழுக்களைச் சேர்ந்த 6,273 பேரைப் பரிசோதித்து 2009இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரையும் உலுக்கியது. துணைக்கண்ட மக்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இந்த விடுபாடு இருந்தது. இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கணக்கிட்டார்கள்.

நூற்றில் நான்கு பேர் என்றால் கோடிக்கணக்கானவர்கள். அவ்வளவு பேருக்கும் நோய் இல்லையே என்ற கேள்வி உடனே எழுந்தது, எழத்தான் வேண்டும். 2018இல் சக்திவேல் சடையப்பன் குழு அமெரிக்கவாழ் தென்னாசியர்களிடம் நடத்திய ஆய்வில், விடுபாட்டைச் சுமப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அதே மரபணுவில் டி389வி என்ற இன்னொரு பிறழ்வும் சேர்ந்திருந்தது; அவர்களின் எக்கோவில்தான் இதயம் மிகையாகச் சுருங்குவது தெரிந்தது. 2020இல் வெளிவந்த ஒரு மறுமதிப்பீடு வேறொன்றைச் சுட்டியது. விடுபாட்டைச் சுமக்கும் சிலரின் அதே டிஎன்ஏ துண்டில், மரபணுவில் புரதத்துக்கான குறியீடு இல்லாத இன்னோர் இடைப்பகுதியில், ஓர் எழுத்து மாறியிருந்தது. மரபணுவின் ஆர்என்ஏ செய்தியைத் தவறான இடத்தில் ஒட்டவைத்துப் புரதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடும் மாற்றம் அது. அதைச் சுமப்பவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 25 எழுத்து விடுபாட்டின் அபாயம் வெகுவாக இறங்கிவிட்டது.

இந்த மூன்று மாற்றங்களும் ஒரே மரபணுவில், சில சமயம் ஒரே பிரதியில் கூடவே வருபவை. ஆய்வகத்தில் இவற்றைச் சோதிக்க நினைத்தால் மூன்றும் மூன்று வேறு துண்டுகளைக் கேட்கின்றன. மயோசின் பிணைப்புப் புரதத்தில் சி0 முதல் சி10 வரை பதினொரு உருண்டைப் பகுதிகள் வரிசையாக உள்ளன. டி389வி இருப்பது முன்முனைக்கு அருகே, சி2 பகுதியில். முன்முனைத் துண்டான சி0 முதல் சி2 வரையிலானதைப் பாக்டீரியாவிலேயே செய்யலாம், பல ஆய்வகங்கள் அன்றாடம் செய்கின்றன. அதில் இந்தப் பிறழ்வை வைத்து ஆக்டினோடும் மயோசினோடும் அதன் பிணைப்பை அளந்துவிடலாம். 25 எழுத்து விடுபாடு தாக்குவதோ கடைசிப் பகுதியான சி10ஐ. அங்கே அமினோ அமில வரிசையே வேறொன்றாகிவிடுகிறது. அந்தப் பகுதியின் வேலை புரதத்தைத் தடித்த இழையின் முதுகில் நங்கூரமிடுவது. முன்முனைத் துண்டில் அது இருக்கவே இருக்காது. சி10ஐத் தனியாகச் செய்தாலும் நங்கூரமிட இழை இல்லாமல் அதன் குறையை முழுதாகக் காண முடியாது. சடையப்பன் குழு 2015இல் மாற்றமடைந்த முழுப் புரதத்தை உயிருள்ள எலி இதயச் செல்களுக்குள் செலுத்திப் பார்த்ததற்கு நியாயம் இதுதான். மூன்றாவது மாற்றத்தில் செய்து பார்ப்பதற்குப் புரதமே இல்லை. பாதியில் நின்ற செய்தியைச் செல் அழித்துவிடுவதால் குறைவது புரதத்தின் அளவு. அதை நோயாளியின் செல்லில் எண்ணிப் பார்க்கத்தான் முடியும். சோதனைக்குழாயில் எந்தத் துண்டைச் செய்து வைத்தாலும் அங்கே எல்லாம் இயல்பாகவே தெரியும்.

ஆகவே நம் ஊர் மருத்துவமனைகளில் தடித்த இதயத்தோடு வரும் ஒருவரிடம் 25 எழுத்து விடுபாட்டை மட்டும் தேடி, இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அரைவேலை. டி389வியும் அந்த இடைப்பகுதி மாற்றமும் கூடவே உண்டா என்று பார்த்தால்தான் அவருடைய பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று தெரியும். மரபணுவின் குறியீட்டுப் பகுதிகளை மட்டும் படிக்கும் வழக்கமான சோதனைகளில், இடைப்பகுதியின் உள்ளே 52 எழுத்து தள்ளி நிற்கும் அந்த ஒற்றை மாற்றம் கண்ணில் படாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. சோதனைக்கு எழுதும்போதே அந்த இடத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.